கீயர் மோட் மாறினாலும் கை தடுமாறாமல் மோர்ஸ் அனுப்ப: வன்னியில் பழகுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இன்னொருவர் வீட்டு ரேடியோவில், இரண்டு விரலால் அழுத்தி மோர்ஸ் அனுப்பும் உங்கள் பேடிலைச் செருகி, யாராவது பதில் தரும்படி ‘சி கியூ’ என்று அழைக்கிறீர்கள். வெளியே போவது ‘கே கியூ’. வேகத்தைக் குறைத்துப் பார்க்கிறீர்கள், அப்போதும் அதேதான். உங்கள் கையிலும் பிழை இல்லை, பேடிலிலும் பிழை இல்லை. விரல் அழுத்தத்தை மோர்ஸ் ஒலிகளாக மாற்றும் கருவி கீயர், அது வேலை செய்யும் முறை மோட். நீங்கள் பழகியது பி மோட். அந்த ரேடியோ ஏ மோடில் இருக்கிறது.

வன்னியில் இது அடிக்கடி வரும் சிக்கல். ஹாம் ரேடியோவில், அதாவது பொழுதுபோக்கு வானொலித் தொடர்பில், ஈடுபடுவோர் இங்கே குறைவு. கிளிநொச்சியில் ஒருவர் செய்த கீயர் பெட்டி சில வாரம் முல்லைத்தீவில் இருக்கும், பிறகு வவுனியாவில் ஒரு மாணவன் மேசைக்குப் போகும். ஒவ்வொரு கையிலும் அதன் அமைப்பு மாறும். எங்கே போனாலும் தடுமாறாமல் அனுப்பத் தெரிந்திருப்பது எங்களுக்கு அத்தியாவசியம்.

பழக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஏ மோடுக்கும் பி மோடுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் விரலை எடுக்கும் நேரத்தில் இருக்கிறது. அழுத்துவது இரண்டிலும் ஒன்றுதான். எல்லோரும் அழுத்துவதைப் பழகுகிறார்கள், எடுப்பதைப் பழகுவதில்லை. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி எடுப்பதைப் பற்றியது.

தேவையான நேரக் கணக்கு

மோர்ஸில் குறுகிய ஒலி டிட் (சேர்த்துச் சொல்லும்போது டி), நீண்ட ஒலி டா. டிட் தான் அளவுகோல். ஒரு டா மூன்று டிட் நீளம். ஒரே எழுத்துக்குள் ஒலிகளுக்கு நடுவே ஒரு டிட் இடைவெளி, எழுத்துகளுக்கு நடுவே மூன்று, சொற்களுக்கு நடுவே ஏழு. வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று கணக்கிட ‘பாரிஸ்’ என்ற சொல்லை அளவாக வைத்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்தில் அனுப்பினால் அது, பின்னால் வரும் இடைவெளியோடு சேர்த்து, சரியாக 50 டிட் நீளம். ஆகவே 1200ஐ வேகத்தால் வகுத்தால் ஒரு டிட் எத்தனை மில்லிசெக்கன் என்று கிடைத்துவிடும். 12 சொல் வேகத்தில் 100, 20 சொல்லில் 60, 24 சொல்லில் 50.

கீயர் இந்த நீளங்களையும் எழுத்துக்குள் வரும் இடைவெளியையும் தானே பார்த்துக்கொள்ளும். எழுத்துகளுக்கு நடுவே விடும் இடைவெளி உங்கள் பொறுப்பு. சில யாயெசு ரேடியோக்களில் எழுத்து இடைவெளியையும் கட்டாயப்படுத்தும் ஒரு தெரிவு உண்டு. பழகும் காலத்தில் அதை நிறுத்தி வையுங்கள். கை சரியான இடைவெளியைத் தானாக உணர வேண்டும்.

மோட்கள் என்னென்ன

ஐயாம்பிக் என்றால், பேடிலின் இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பிடித்தால் டிட்டும் டாவும் மாறி மாறி வரும். முதலில் தொட்ட பக்கம் முதலில் ஒலிக்கும். டா பக்கத்தை முதலில் தொட்டுச் சேர்த்துப் பிடித்தால் டா-டி-டா-டி என்று ஓடும். இது ஏ, பி இரண்டுக்கும் பொது.

ஏ மோடில் இரண்டு விரலையும் எடுத்தவுடன், ஒலித்துக்கொண்டிருக்கும் ஒலியை முடித்துவிட்டுக் கீயர் நின்றுவிடும். பி மோடில் ஒலித்துக்கொண்டிருப்பதை முடித்து, அதற்கு எதிரான ஒன்றையும் சேர்த்துவிட்டுத்தான் நிற்கும். டா ஒலிக்கும்போது எடுத்தால் ஒரு டிட் கூடும். டிட் ஒலிக்கும்போது எடுத்தால் ஒரு டா கூடும். ஜான் கர்ட்டிஸ் என்ற அமெரிக்க ஹாம் 1970களில் வெளியிட்ட கீயர் சிப்கள் வழியாகத்தான் ஏ, பி என்ற பெயர்கள் பரவின. அவருடைய 8044ஏபிஎம் சிப்பில் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள முடிந்தது.

அல்டிமாட்டிக் வேறு சிந்தனை. இரண்டு பக்கமும் அழுத்தப்பட்டிருந்தால் கடைசியாகத் தொட்ட பக்கமே தொடர்ந்து ஒலிக்கும். மாறி மாறி வராது. 1950களில் ஜான் கே என்பவர் முன்வைத்த அமைப்பு இது.

பக் மோடில் டிட்கள் மட்டும் தானாக வரும். டா ஒவ்வொன்றையும் நீங்களே நீளம் பார்த்து அழுத்த வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோரஸ் மார்ட்டின் உருவாக்கிய வைப்ரோப்ளெக்ஸ் கருவிகள் இப்படித்தான் வேலை செய்தன. இன்றைய கீயர்கள் அதையே மின்னணுவில் நடித்துக் காட்டுகின்றன.

படி 1: பிளக்கும் பக்கமும்

மோடைச் சந்தேகிக்கும் முன் வயரைப் பாருங்கள். வழக்கமாக ஸ்டீரியோ பிளக்கின் நுனி டிட்டுக்கு, நடு வளையம் டாவுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. செருகியவுடன் யாரும் தொடாமலே டா-டா-டா என்று நிற்காமல் ஓடினால், செருகியது மோனோ பிளக்காக இருக்கலாம். மோனோ பிளக்கில் நடு வளையம் இல்லை. அந்த இடம் அடிப்பகுதியோடு ஒட்டிவிடுகிறது, கீயருக்கு டா பக்கம் எப்போதும் அழுத்தியிருப்பது போலத் தெரிகிறது. மேலும் கீழும் அழுத்தும் பழைய வகை ஸ்ட்ரெய்ட் கீயை பேடில் அமைப்பில் செருகினாலும் இதே குழப்பம் வரும். அதற்கு மெனுவில் கீயரை நிறுத்த வேண்டும்.

வலது கைக்காரர் பெரும்பாலும் பெருவிரலில் டிட்டும் சுட்டுவிரலில் டாவும் வைக்கிறார்கள். இடது கையால் அனுப்புகிறவர் கருவியில் மாறி இருந்தால் வயரைக் கழற்ற வேண்டாம், மெனுவில் பேடில் பக்கத்தைத் திருப்பினால் போதும்.

படி 2: எந்த மோடில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

மெனுவைத் தேடிக்கொண்டிருப்பதை விடக் காதால் கண்டுபிடிப்பது வேகம். ஏ அல்லது பி என்று தெரிவு செய்யவே இடம் தராத ரேடியோக்களும் உண்டு. அவற்றில் இந்தச் சோதனைதான் ஒரே வழி.

அழுத்தியதும் தானாக அலையை அனுப்பத் தொடங்கும் பிரேக்-இன்னை ரேடியோவில் நிறுத்துங்கள். அப்போது நீங்கள் அனுப்புவதை உங்களுக்கே கேட்க வைக்கும் சைட்டோன் மட்டும் ஒலிக்கும், எதுவும் வெளியே போகாது. வேகத்தை 8 சொல்லுக்குக் குறையுங்கள். அந்த வேகத்தில் டிட் 150 மில்லிசெக்கன், டா 450. யோசிக்க நேரம் இருக்கும். டா பக்கத்தை முதலில் தொட்டு உடனே டிட் பக்கத்தையும் சேர்த்துப் பிடியுங்கள். டா, டி என்று போய் இரண்டாவது டா ஒலிக்கத் தொடங்கியதும், அதன் நடுவிலேயே இரண்டு விரலையும் ஒரே நேரத்தில் எடுங்கள். டா-டி-டா என்று நின்றால் ஏ மோட். டா-டி-டா-டிட் என்று இன்னொன்று சேர்ந்தால் பி மோட். டாவுக்குப் பிறகு டிட்டே தொடர்ந்து ஓடினால் அது அல்டிமாட்டிக். டிட் தானாக ஓடி டா மட்டும் அழுத்தியிருக்கும்வரை நீண்டுகொண்டே போனால் பக்.

முதல் டா ஒலிக்கும்போதே விரலை எடுத்துச் சோதிக்காதீர்கள். பெரும்பாலான கீயர்களில் பேடில் நினைவு உண்டு: ஒன்று ஒலிக்கும்போது மற்றப் பக்கத்தைத் தொட்டுவிட்டால் அதை நினைவில் வைத்து அடுத்ததாக ஒலிக்கும். ஏ மோடிலும் அப்படி ஒரு டிட் வரலாம், நீங்கள் அதைப் பி என்று எண்ணிவிடுவீர்கள். மூன்றாவது ஒலியில் எடுத்துப் பார்ப்பதே நம்பகமானது.

படி 3: ஒரு மோடை உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள்

எது சிறந்தது என்ற வாதத்துக்கு முடிவில்லை. கணக்கைப் பார்த்தால் இரண்டும் சமம், சிரமம் வேறு வேறு எழுத்தில் விழுகிறது.

20 சொல் வேகத்தில் சி எழுத்தை எடுத்துக்கொள்வோம், டா-டி-டா-டிட். ஏ மோடில் கடைசி டிட் தொடங்கிய பிறகு, அடுத்தது தொடங்கும் முன், விரலை எடுக்க வேண்டும். ஒரு டிட்டும் ஒரு இடைவெளியும்: சுமார் 120 மில்லிசெக்கன். பி மோடில் அதற்கு முந்தைய டா ஒலிக்கும்போது எடுத்தால் போதும். ஒரு டாவும் ஒரு இடைவெளியும்: சுமார் 240. அதாவது சி எழுத்துக்குப் பி மோட் இரண்டு மடங்கு அவகாசம் தருகிறது.

இப்போது கே, டா-டி-டா. ஏ மோடில் கடைசி டா ஒலிக்கும்போது எடுக்கலாம், 240 மில்லிசெக்கன் இருக்கிறது. பி மோடில் நடு டிட் ஒலிக்கும்போதே எடுத்தாக வேண்டும், 120தான்.

டிட்டும் டாவும் மாறி மாறி வருவதை மாற்று எழுத்து என்போம். டிட்டில் முடியும் மாற்று எழுத்துகள் (சி, ஆர்) பி மோடில் தாராளம். டாவில் முடியும் மாற்று எழுத்துகள் (கே, முற்றுப்புள்ளி) ஏ மோடில் தாராளம். கீயருக்குக் கீயர் சிறு வேறுபாடு இருக்கலாம், ஆனால் அடிப்படை இதுதான்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் ஏ மோடையே பரிந்துரைப்பேன். அதில் கேட்பது நீங்கள் பிடித்திருப்பது மட்டும். விரலை எடுத்த பிறகு எதுவும் கூடுதலாக வராது. காதுக்கும் கைக்கும் நடுவே குழப்பம் குறைவு, பிழை வந்தால் எங்கே வந்தது என்று உடனே புரியும். ஏற்கெனவே பி மோடில் கை ஊறியவர் மாற்றத் தேவையில்லை. அவருக்கு வேண்டியது ஐந்தாவது படி.

படி 4: எடுக்கும் பயிற்சி

இதற்கு எங்கள் ஊர்ப் பெயர்களை விட நல்ல பாடம் கிடையாது. மன்னார் என்பதை ஆங்கில எழுத்தில் அனுப்புங்கள்: எம், ஏ, என், என், ஏ, ஆர். முதல் எழுத்தைத் தவிர மற்ற ஐந்தும் டிட்டும் டாவும் மாறி வருபவை. ஒவ்வொன்றும் விரலை எடுக்கும் நேரத்தைச் சோதிக்கிறது. ஏ மோட்டுக் கை பி மோடில் இந்தப் பெயரை அனுப்பினால் ஏ ஆராகும், என் கேயாகும். எம், ஆர், கே, கே, ஆர் என்று போகும், கடைசி ஆருக்குப் பின்னாலும் ஒரு டா ஒட்டிக்கொள்ளும்.

கிளிநொச்சி அடுத்த பாடம். கே, ஐ, எல், ஐ, என், ஓ, சி, ஹெச், சி, ஹெச், ஐ என்று பதினோரு எழுத்து. கே உண்டு, சி இரண்டு உண்டு, நடுவில் எல் உண்டு. பி மோட்டுக் கை ஏ மோடில் அனுப்பினால் இரண்டு சியும் கே ஆகிவிடும். மாங்குளமும் பரந்தனும் நல்ல பயிற்சிச் சொற்களே. வவுனியாவில் ‘வி’ இரண்டு முறை வருவதால் டிட் ஓட்டத்திலிருந்து டாவுக்கு மாறும் பழக்கம் கிடைக்கும்.

பயிற்சி முறை எளிது. 10 சொல் வேகத்தில் தொடங்குங்கள். ஒரே பெயரை, ஒவ்வொரு எழுத்துக்கும் பின் தேவைக்கு அதிகமான இடைவெளி விட்டு, பல தடவை அனுப்புங்கள். கவனம் முழுக்க எடுக்கும் கணத்தில் இருக்கட்டும். ஏ மோட் என்றால் மனதுக்குள் ‘கடைசி ஒலி கேட்டதும் எடு’. பி மோட் என்றால் ‘கடைசிக்கு முந்தைய ஒலி கேட்டதும் எடு’. பிழையில்லாமல் வரும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். பிறகு இரண்டு இரண்டு சொல்லாகக் கூட்டுங்கள். ஒரு நாளைக்கு பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவதால் பிழைதான் கையில் ஏறும்.

சேர்த்துப் பிடிக்காமல், ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை ஒரு தட்டுத் தட்டி அனுப்பும் எழுத்துகளும் உண்டு. எல் எழுத்துக்கு டிட்டைப் பிடித்துக்கொண்டு முதல் டிட் ஒலிக்கும்போது டாவைத் தட்டுங்கள். எஃப்புக்கு இரண்டாவது டிட் ஒலிக்கும்போது. வை எழுத்துக்கு டாவைப் பிடித்து முதல் டாவில் டிட்டைத் தட்டுங்கள், கியூவுக்கு இரண்டாவது டாவில். இந்த நான்கும் ஏ, பி இரண்டிலும் ஒரே மாதிரி வரும், தட்டு சுருக்கமாக இருக்கும்வரை. இவற்றுக்குப் பேடில் நினைவு தேவை. சில கீயர்களில் அதை நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது, அது நிறுத்தியிருந்தால் எல்லும் வையும் அடிக்கடி உடையும்.

படி 5: வேறு மோடில் உட்கார நேர்ந்தால்

முதலில் மெனுவில் உங்கள் மோடை வையுங்கள். யாயெசு எஃப்டி-891 போன்றவற்றில் கீயர் வகை என்ற மெனுவில் ஏ, பி, பக் எல்லாம் தனித்தனித் தெரிவாக இருக்கும். எலக்ராஃப்ட் ரேடியோக்களிலும் ஏயா பியா என்று தெரிவு செய்யலாம். அர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் கே3என்ஜி என்ற ஹாமின் திறந்த மூலக் கீயர் மென்பொருளை ஏற்றியவர்களுக்கும், வின்கீயர் என்ற கீயர் வைத்திருப்பவர்களுக்கும் எல்லா மோடும் கைவசம் உண்டு. வேலை முடிந்ததும் உரிமையாளரின் அமைப்பைத் திரும்ப வைத்துவிட்டு எழும்புங்கள்.

மாற்ற முடியாத இடத்தில் கையை மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு வழி இருக்கிறது, முதல் வழியைத்தான் எல்லோரும் கட்டாயம் கையில் வைத்திருக்க வேண்டும் என்பேன்.

அது சேர்த்துப் பிடிக்காமலே அனுப்புவது. சி எழுத்துக்கு டா பக்கம் ஒரு அழுத்து, விடு. டிட் பக்கம் ஒரு அழுத்து, விடு. மீண்டும் டா, மீண்டும் டிட். இரண்டு விரலும் ஒரே நேரத்தில் பேடிலில் இருக்கவே கூடாது. ஏ, பி, அல்டிமாட்டிக் மூன்றிலும் இப்படி அனுப்பினால் ஒரே விளைவுதான். விரல் வேலை கூடும், உண்மை. ஆனால் ஆங்கில எழுத்துகளில் சேர்த்துப் பிடிப்பதால் உண்மையில் மிச்சமாவது சி, கே, ஆர், முற்றுப்புள்ளி என்று ஒரு சிலவற்றில் மட்டுமே. 15 சொல் வேகம்வரை இப்படி அனுப்பப் பழகிவிட்டால் எந்த வீட்டுக்கும் தயங்காமல் போகலாம். ஒற்றை நெம்புப் பேடில் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அதில் இரண்டு தொடுகையும் ஒரே நேரத்தில் மூட முடியாது. மிக வேகமாக அனுப்புகிற பலர் அதையே விரும்புவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இரண்டாவது வழி, மற்ற மோடின் எடுக்கும் நேரத்தையும் தனியாகப் பழகுவது. ஒரே அமர்வில் இரண்டையும் கலக்காதீர்கள். ஒரு வாரம் முழுக்க மற்ற மோட், வேகம் 10 சொல்லிலிருந்து. அதன் பிறகு, வாரத்தில் ஒரு நாள் மட்டும் அதற்கு. கையால் இரண்டையும் வைத்திருக்க முடியும், ஆனால் உட்கார்ந்ததும் ‘இன்றைக்கு எந்த மோட்’ என்று காதுக்கு நினைவூட்ட வேண்டும். மன்னாரை இரண்டு தடவை அனுப்பினால் நினைவு வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. செய்தி முடிந்தது என்று அனுப்பும் ஏஆர் குறியீடு டி-டா-டி-டா-டிட். முற்றுப்புள்ளி டி-டா-டி-டா-டி-டா. ஏ மோட்டுக் கை பி மோடில் ஏஆர் அனுப்பினால் அது முற்றுப்புள்ளியாகிறது. எதிர்முனையில் இருப்பவர் நீங்கள் இன்னும் அனுப்புவீர்கள் என்று காத்திருப்பார். பி மோட்டுக் கை ஏ மோடில் முற்றுப்புள்ளி வைத்தால் அது ஏஆர் ஆகிறது. செய்தி பாதியிலேயே முடிந்தது என்று அவர் எடுத்துக்கொள்வார். அவசரச் செய்தி அனுப்பும்போது இது சிறு பிழை இல்லை. புது மோடில் ஏஆரையும் முற்றுப்புள்ளியையும் சேர்த்துப் பிடிக்காமல் அனுப்புங்கள்.

படி 6: 4எஸ்7ம் அல்டிமாட்டிக்கும்

இலங்கை ஹாம் அழைப்புக் குறிகளில் பல 4எஸ்7 என்று தொடங்குகின்றன. ஒவ்வொரு தொடர்பிலும் பல தடவை அனுப்ப வேண்டிய இந்த மூன்றும் மாற்று எழுத்துகளே இல்லை: டி-டி-டி-டி-டா, டி-டி-டிட், டா-டா-டி-டி-டிட். ஓட்டம், ஓட்டம், ஓட்டம். இதில் சிக்குவது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவும் இடம்.

4 அனுப்பும்போது நான்காவது டிட் ஒலிக்கையில் டாவைத் தொடுகிறீர்கள். பெருவிரல் இன்னும் டிட்டில் இருக்கிறது. ஏ மோடில் டா முடிவதற்குள் பெருவிரலை எடுத்துவிட்டால் பரவாயில்லை. பி மோடில் டா தொடங்கும் முன்னரே எடுத்தாக வேண்டும். இல்லையேல் டாவுக்குப் பின் ஒரு டிட் ஒட்டும், எந்த எண்ணும் இல்லாத ஒன்று போகும். பி மோட்டுக்காரர்கள் 4ஐ இரண்டு தெளிவான அசைவாகப் பழக வேண்டும்: நான்கு டிட், விரலை எடு, பிறகு டா.

அல்டிமாட்டிக்கில் இதே குறி மிகச் சுலபம். 7க்கு டாவைப் பிடித்து இரண்டு டா கேட்டதும், அதை விடாமல் டிட்டையும் அழுத்துங்கள். கடைசியாகத் தொட்டது டிட் என்பதால் டிட்டே ஓடும். மூன்று ஆனதும் இரண்டையும் சேர்த்து எடுங்கள். 4க்கும் அப்படியே, நான்கு டிட்டுக்குப் பின் டாவைச் சேர்த்து அழுத்தி, டா ஒலிக்கும்போது இரண்டையும் எடுங்கள். எக்ஸுக்கு டாவைப் பிடித்தபடியே டிட்டை இரண்டு ஒலிவரை அழுத்தி விடுங்கள். டா தானாகத் திரும்பும். 1, 2, 6, ஜே எல்லாம் இப்படிச் சொகுசாக வரும்.

சி மட்டும் உழைப்புக் கேட்கும்: டாவைப் பிடித்துக்கொண்டு டிட்டை இரண்டு தடவை தட்ட வேண்டும். எண்கள் நிறைய அனுப்புகிறவருக்கு, போட்டிகளில் வரிசை எண் கொடுப்பவருக்கு, அல்டிமாட்டிக் பழகுவது வீண்போகாது. முதல் மோடாக அதைத் தொடங்க மட்டும் சொல்ல மாட்டேன்; வேறொருவர் ரேடியோவில் அது இருப்பது அரிது.

பக் மோடைப் பற்றிச் சிறிது

டாவைக் கையால் அளக்க வேண்டியிருப்பதால் இது காதைக் கூர்மையாக்கும். சேர்த்துப் பிடிக்கும் பழக்கம் இங்கே உதவாது. கை தானாக டாவைக் குறுக்கிவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள். மூன்று டிட் நீளம் என்பதை சைட்டோனில் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஸ்ட்ரெய்ட் கீயில் நன்றாக அனுப்புபவர் ஒரு வாரத்தில் பிடித்துவிடுவார்.

மோட் காரணமில்லாத பிழைகள்

கூடுதல் டிட் வந்தால் எல்லோரும் மோடைக் குறை சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் வேறு மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று தூசி. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கிரவல் வீதியோர வீடுகளில் மேசை மேல் செம்மண் படியும். பேடிலின் தொடுகைப் புள்ளியில் அது ஏறினால் டிட் விட்டுவிட்டு வரும். ஒரு வெள்ளைத் தாளைக் கீற்றாக வெட்டி, தொடுகைகளுக்கு நடுவே வைத்து, மெல்ல அழுத்தி இழுத்து எடுங்கள். அரத்தாளால் தேய்க்க வேண்டாம். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக் காற்றும் சேர்வதால் பேடிலை மூடி வைக்கும் ஒரு டப்பா நல்லது. இடைவெளி அதிகமாக இருந்தால் விரல் தாமதிக்கும், குறைவாக இருந்தால் நடுக்கமே டிட் ஆகும். ஒரு தாள் தடிப்புக்கு வைத்துப் பார்த்து அங்கிருந்து சரிசெய்யுங்கள்.

அடுத்தது அனுப்பும் அலை கீயருக்குள் புகுவது. கோடையில் மண் காய்ந்து கிடக்கும்போது நில இணைப்பு பலவீனமாகிறது, பேடில் வயரே சிறு அன்டெனாவாக நடந்துகொள்கிறது. சைட்டோனில் மட்டும் பழகும்போது எல்லாம் சரி, அனுப்பத் தொடங்கியதும் எழுத்து சிதறுகிறது என்றால் காரணம் இதுதான். பவரைக் குறைத்துப் பாருங்கள். பிழை குறைந்தால் சந்தேகம் உறுதி. பேடில் வயரைச் சுருக்கி ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுச் சுற்றுங்கள். இரண்டு தொடுகைக்கும் பொது வயருக்கும் நடுவே 10 நானோஃபாரட் மின்தேக்கி ஒவ்வொன்று வைத்தாலும் தீரும். அன்டெனாவை வளவின் மறுமூலைக்குத் தள்ளுவது எல்லாவற்றிலும் நல்லது.

மூன்றாவது மின்சாரம். சோலார்ப் பற்றரியில் வேலை செய்யும்போது வோல்ட் இறங்கிப்போனால் ரேடியோவே நடுவில் மறுதொடக்கம் ஆகலாம். சில கீயர்களில் மோட் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நேற்றுச் சரியாக இருந்தது இன்று பிழையாக வந்தால் இரண்டாவது படியின் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

பயிற்சிக்கு உரிமம் வேண்டுமா

அலை வெளியே போகாத கீயரும் ஒரு சிறு ஸ்பீக்கரும் வைத்துப் பழக எதுவும் வேண்டாம். வானில் அனுப்ப இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் கட்டாயம். 2003இல் நடந்த உலக வானொலி மாநாட்டுக்குப் பின் மோர்ஸ் தேர்வு சர்வதேசக் கட்டாயமாக இல்லை. ஆகவே பல நாடுகளில் இன்று மோர்ஸ் பழகுவோர் விருப்பத்தால் பழகுகிறார்கள்.

எங்கள் மண்ணுக்கு இதையும் சொல்ல வேண்டும். வேப்பமரத்தில் நீண்ட வயர் ஏறினால் அயலவர் கேட்பார்கள், கேட்பது நியாயம். போர்க்காலத்தில் ரேடியோ என்றால் என்னவாக இருந்தது என்று நினைவில் வைத்திருக்கும் ஊர்கள் இவை. அன்டெனா ஏற்றும் முன்னரே நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள், பிள்ளைகளைக் கூப்பிட்டு சைட்டோனைக் கேட்க வையுங்கள், உரிமத்தின் பிரதியை ரேடியோ மேசையிலேயே வையுங்கள். மாரி தொடங்கும் முன் ஐப்பசியில் இடிமின்னல் அடிக்கடி வரும் நாட்களில் அன்டெனாவைக் கழற்றிவிட்டு, பற்றரியில் ஓடும் கீயரில் மட்டும் பழகுங்கள்.

படி 7: உங்கள் அனுப்புதலைச் சரிபாருங்கள்

தனியாகப் பழகுகிறவருக்குப் பிழை சொல்ல ஆள் இல்லை. தொலைபேசியில் சைட்டோனைப் பதிவுசெய்து மறுநாள் கேளுங்கள். அனுப்பிய சூட்டில் காது பிழையை மூடிவிடும், மறுநாள் மூடாது. கணினி இருந்தால் ஒடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அலையைப் பார்த்தால் கூடுதல் டிட் எந்த எழுத்தின் வாலில் ஒட்டுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். டிட்டில் முடியும் எழுத்துகளிலா, டாவில் முடியும் எழுத்துகளிலா என்று எண்ணிப் பாருங்கள். ஒரே வகையில் குவிந்தால் காரணம் மோட் அல்லது எடுக்கும் நேரம். எங்கும் சிதறிக் கிடந்தால் தூசி அல்லது அலை புகுதல்.

உரிமம் உள்ளவர்கள் சி கியூ அழைத்துவிட்டு ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் என்ற இணையதளத்தில் தங்கள் குறி வந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அங்கே கேட்பது மென்பொருள். சி கியூ அழைப்பவரைத்தான் அது பட்டியலிடும். சி உடைந்து கே ஆனால் பெரும்பாலும் பட்டியலில் வரமாட்டீர்கள். மாலையில் 7 மெகாஹெர்ட்ஸில் தமிழ்நாட்டுக்காரர்களோடு மெதுவான தொடர்பு ஒன்று எடுத்தால், அவர்கள் திருப்பிச் சொல்லும் விதத்திலேயே உங்கள் எழுத்து எங்கே உடைகிறது என்று தெரிந்துவிடும். கேட்டால் நேராகச் சொல்வார்கள்.

கீயரை அடுத்தவரிடம் கொடுக்கும்போது ஒரு சிறு தாளில் மோட், வேகம், பேடில் எந்தக் கைக்கு, பேடில் நினைவு இயங்குகிறதா நிற்கிறதா என்ற நான்கையும் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். வாங்குகிறவர் அமைப்பை மாற்றினால் தாளையும் மாற்றட்டும்.